ரிப்போர்ட் எழுதியாச்சு… வகுப்பில் என்ன மாறியது?

கல்வி: கேள்வி – பதில்

கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கிராணியாகச் சேர்ந்து, தர உறுதிப் பிரிவின் தலைவராக ஓய்வுபெற்றவர், பல்கலைக்கழக நிர்வாகத்தில் தரத்தைத் தொடர்ந்து உயர்த்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறார்.

கேள்வி: தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பாடத்துக்கு ஒன்று என்று ‘தொடர் தர மேம்பாட்டு அறிக்கை’ எழுதித் தரவேண்டும். எக்செல்லில் மதிப்பெண்ணைப் போட்டால் விழுக்காடு வந்துவிடும். கீழே ‘மேம்பாட்டு நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘கூடுதல் பயிற்சி அளிக்கப்படும்’ என்று எழுதுகிறேன். போன செமஸ்டரும் அதைத்தான் எழுதினேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. அக்கா, இது யாருக்காக?
– பெயர் வேண்டாம் என்ற விரிவுரையாளர், காஜாங்

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற, எம்.கியூ.ஏ. என்று நாம் சொல்லும் மலேசியத் தகுதி முகமை 2007 நவம்பர் 1-ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பு தனியார் கல்லூரிகளைப் பார்த்துக்கொண்டது லான் என்ற தேசிய அங்கீகார வாரியம். பட்டப்படிப்புகளை மதிப்பிட எம்.கியூ.ஏ. 2008-இல் வெளியிட்ட நெறிமுறையில் ஒன்பது பகுதிகள் இருந்தன. தொடர் தர மேம்பாடு ஒன்பதாவது, கடைசிப் பகுதி. 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை ஏழு பகுதிகளாகச் சுருக்கியது. தர மேம்பாடு இப்போது பாடத்திட்டக் கண்காணிப்போடும் மறு ஆய்வோடும் சேர்ந்து ஏழாவது பகுதியில் இருக்கிறது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்றேன். தனிப் பகுதியாக இருந்தவரை, “அது தர உறுதிப் பிரிவின் வேலை” என்று எல்லோரும் எங்கள் அறையைக் கை காட்டினார்கள். பாடத்தை நடத்துகிறவரும் மறு ஆய்வு செய்கிறவரும்தான் அதைச் செய்ய முடியும்.

உங்கள் எக்செல் விஷயத்துக்கு வருவோம். ‘இலக்கை அடைந்த மாணவர்கள் 90 விழுக்காடு’ என்று அது சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைந்ததாகக் கணக்கிட எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று பாருங்கள். பல இடங்களில் 50. தேர்ச்சி மதிப்பெண்ணும் 50. அப்படியானால் அந்த 90 விழுக்காடு, பாஸ் ஆனவர்கள் எத்தனை பேர் என்பதை இன்னொரு தடவை சொல்கிறது, அவ்வளவுதான். மாணவன் எதைக் கற்றான், எதைக் கற்கவில்லை என்பது அதில் கிடையாது. அது தெரியவேண்டுமானால் விடைத்தாள் கட்டைத்தான் பிரிக்கவேண்டும்.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டுக் கணக்கியல் பாடம் ஒன்றில் தேர்ச்சி நன்றாகவே இருந்தது. அறிக்கையிலும் ‘பிரச்சினை இல்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு விரிவுரையாளர் மட்டும், “பிள்ளைகளுக்குப் பணப்புழக்க அறிக்கையை வாசிக்கவே தெரியவில்லை” என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். ஒருநாள் பழைய விடைத்தாள்களை எடுத்து மேசையில் பரப்பினோம். இரண்டாம் பகுதியில் நான்கு கேள்விகள், மூன்றுக்கு விடை எழுதினால் போதும். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் விட்டிருந்தார்கள். அது பணப்புழக்க அறிக்கைக் கேள்வி. அந்த அத்தியாயத்தைத் தொடாமலே நல்ல மதிப்பெண் வாங்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் புரட்டினால், அந்த அத்தியாயம் கடைசி வாரங்களில் இருந்தது. எல்லாப் பாடத்து அசைன்மென்ட்டும் கழுத்தை நெரிக்கும் நேரம் அது.

‘கூடுதல் பயிற்சி’ அதற்கு மருந்தே இல்லை. அத்தியாயத்தை செமஸ்டர் நடுவுக்கு நகர்த்தினோம், கேள்வியைக் கட்டாயமாக்கினோம். அடுத்த செமஸ்டரில் தேர்ச்சி விழுக்காடு இறங்கியது! இறங்கத்தான் செய்யும். அதுவரை யாரும் அளக்காததை முதன்முதலாக அளந்திருக்கிறோம். துறைத்தலைவருக்கு முகம் சரியில்லை. அந்த நேரத்தில் நிர்வாகம் விரிவுரையாளரின் பக்கம் நிற்கவேண்டும். நின்றது. அடுத்தடுத்த செமஸ்டர்களில் எண் மெல்ல ஏறியது, மூன்றாம் ஆண்டு விரிவுரையாளரின் குறையும் நின்றது. மதிப்பெண் இறங்கிய அந்த ஒரு செமஸ்டரில் இரண்டாம் ஆண்டு விரிவுரையாளரைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால், அவர் மறுபடியும் நான்கில் மூன்று என்று போட்டிருப்பார்.

ஆகவே அந்தக் கட்டத்தில் என்ன செய்யப் போகிறீர்கள், யார் செய்வார்கள், எந்த வாரத்துக்குள், பலித்ததா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்பதை எழுதுங்கள். அதற்கு மேலே, ‘போன தடவை எழுதியது என்ன ஆனது’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே சேருங்கள். மதிப்பீட்டுக் குழுவில் அனுபவம் உள்ளவர்கள் அடுத்தடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். ஒரே வாக்கியம் இரண்டிலும் இருந்தால் வேறு எதையும் தேட மாட்டார்கள்.

நேரஅட்டவணை, கணினிக்கூடம், ஆள் பற்றாக்குறை மாதிரி உங்கள் கையில் இல்லாத காரணம் என்றால், ‘இது என் அதிகாரத்தில் இல்லை, துறைக்கூட்டம் முடிவு செய்யவேண்டும்’ என்றே எழுதுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறும்வரை விடாதீர்கள். அப்புறம், எல்லாப் பாடத்தையும் ஒவ்வொரு செமஸ்டரும் தோண்டிப் பார்க்க ஒரு மனிதனால் முடியாது. ஒன்றோ இரண்டோ பாடத்தை எடுத்து ஆழமாகப் பாருங்கள் என்று துறைத்தலைவரே சொல்லவேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். கல்விக் கண்காட்சிக்குப் போனால் ஒவ்வொரு கூடாரத்திலும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், நட்சத்திரம், கோப்பை. எது உண்மையான தரம் என்று எங்களைப் போன்ற பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது? பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனை நம்பித்தான் சேர்க்கிறோம்.
– லாரி ஓட்டுநர், ரவாங்

பதில்: ஐயா, கூடாரத்தில் கொடுக்கும் புத்தகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மகளை எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் உள்ள மலேசியத் தகுதிப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கக் காசு வேண்டாம். கல்லூரியின் பெயரைத் தேடினால் மட்டும் போதாது, அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்குத்தான். படிப்பின் முழுப் பெயர், எந்த வளாகம், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். கடனும் அங்கீகாரத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும்.

‘தற்காலிக அங்கீகாரம்’ என்று இருந்தால் பயப்படவேண்டாம். புதிய படிப்புகள் பெரும்பாலும் அந்தப் படியில் ஏறித்தான் வரும். முதல் தொகுதி மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். “உங்கள் முதல் தொகுதி இப்போது எந்த ஆண்டில் இருக்கிறது, எப்போது விண்ணப்பிக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். பொறியியல், மருத்துவம், தாதிமை மாதிரிப் படிப்புகளுக்கு அந்தத் தொழிலுக்குரிய வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். மலேசியப் பொறியியலாளர் வாரியம் 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. அதனால் வாரியம் ஏற்ற பொறியியல் பட்டத்துக்கு அந்த உடன்படிக்கை நாடுகளிலும் மதிப்பு உண்டு.

ஐ.எஸ்.ஓ. பற்றி: ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனம் தன் வேலைகளை எழுதி வைத்த முறைப்படி நடத்துகிறது என்பதற்கான சான்று. கல்வி நிறுவனங்களுக்கென்றே 21001 என்று ஒன்று 2018-இல் வந்தது. இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டில் எதுவும் உங்கள் மகளின் பட்டத்துக்கு அங்கீகாரம் ஆகாது.

காகிதத்தில் பார்க்கவேண்டியது இவ்வளவுதான். மீதியை நேரில் பார்க்கவேண்டும். நம் நாட்டு முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். உங்கள் பிள்ளை 4,800 மணி நேரம் அங்கே செலவழிக்கப் போகிறாள். திறந்தவெளி நாள் என்று பலூன் கட்டியிருக்கும்போது போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், லாரி ஓட்டம் இல்லாத ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ போங்கள். வளாகத்துக்குப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் மதிய நேரத்தில் மகளோடு உட்கார்ந்தால் மாணவர்கள் தானாக வருவார்கள். “போன வருஷம் நீங்கள் குறை சொல்லி, அவர்கள் மாற்றிய விஷயம் ஏதாவது இருக்கிறதா?” என்று மகளை விட்டே கேட்கச் சொல்லுங்கள். “பேராசிரியர்கள் நல்லவர்கள்தான், அங்கிள்” என்ற பதில் உங்களுக்குப் பயன்படாது. “லேப் நேரம் போதவில்லை என்று சொன்னோம், சனிக்கிழமையும் திறந்தார்கள்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த இடத்தில் நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கிறது. நான்கைந்து பேரைக் கேட்டும் எவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் யோசியுங்கள்.

கேள்வி: செமஸ்டர் முடிவில் கருத்தாய்வுப் படிவத்தை நிரப்பினால்தான் தேர்வு முடிவு திரையில் வரும். முப்பது கேள்வி, ஆறு பாடம். நாங்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் நான்கு, நான்கு என்று தட்டிவிட்டுப் போகிறோம். தப்பா, ஆன்ட்டி?
– பல்கலைக்கழக மாணவி, வங்சா மாஜு

பதில்: தப்பில்லை, கண்ணம்மா. ரிசல்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு கருத்துக் கேட்டால் நான்கு நான்குதான் கிடைக்கும். அதைச் சராசரி எடுத்து ‘மாணவர் திருப்தி 4.02’ என்று இரண்டு தசமம் வரைக்கும் போட்டு ஆட்சிக்குழுவுக்கு அனுப்புகிறவர்களிடம்தான் எனக்கு மனத்தாங்கல். செமஸ்டர் முடிந்தபிறகு கேட்பதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் குறை தீர்ந்தாலும் பலன் உங்களுக்கு இல்லை, அடுத்து வரும் தொகுதிக்குத்தான்.

எங்கள் இடத்தில் இளம் விரிவுரையாளர் ஒருவர் ஐந்தாம் வாரத்தில் வகுப்பு முடியும்போது பாதித் தாளை நீட்டுவார். “எது புரிகிறது, எது இடிக்கிறது?” இரண்டே கேள்வி, பெயர் எழுதவேண்டாம். ஒரு தடவை, டுட்டோரியல் திங்கட்கிழமையிலும் விரிவுரை புதன்கிழமையிலும் இருப்பதால் கேட்காத பாடத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அது நேரஅட்டவணைக்காரருக்கும் தெரியாது, விரிவுரையாளருக்கும் உறைக்கவில்லை. அந்த செமஸ்டரில் நாளை மாற்ற வழியில்லை. டுட்டோரியலை ஒரு வாரம் பின்தள்ளிவிட்டு, அடுத்த வகுப்பின் தொடக்கத்திலேயே, “நீங்கள் சொன்னதால் இதை மாற்றினேன், வருகைப் பதிவு பற்றிச் சொன்னதை மாற்ற முடியாது, காரணம் இது” என்று இரண்டையும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வகுப்பு எழுதிய கருத்துகள் பக்கம் பக்கமாக இருந்தன.

உங்கள் வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியர்–மாணவர் கூட்டத்தில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: “போன கருத்தாய்வில் நாங்கள் சொன்னவற்றில் எது மாறியது?” அதையும் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். திறந்த பதில் எழுதும் பெட்டி இருந்தால் எண்ணை விட்டுவிடுங்கள், அந்தப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் படிப்போம்.

கேள்வி: பதிவாளர் அலுவலகத்தில் கவுண்டரில் வேலை. தரம் பற்றிய பயிற்சிக்கெல்லாம் விரிவுரையாளர்களைத்தான் அனுப்புகிறார்கள். எங்களுக்கு இதில் ஏதாவது பங்கு இருக்கிறதா?
– நிர்வாக ஊழியர், ஷா ஆலம்

பதில்: நானும் கவுண்டரில் நின்றவள்தான், தங்கச்சி. பல்கலைக்கழகத்தில் என்ன கோளாறு என்று முதலில் தெரிவது உங்களுக்கு. பயிற்சிக்கு முதலில் அனுப்பவேண்டியதும் உங்களைத்தான்.

மதிப்பெண் மறுபரிசீலனைப் படிவம் ஒன்று எங்களிடம் இருந்தது. மாணவர் கட்டணம் கட்டி மனுச் செய்தால் விடைத்தாளை மறுபடி பார்ப்பார்கள். பதில் வருவதற்குள் புதிய செமஸ்டரின் பாடப்பதிவு முடிந்துவிடும். பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் அந்தப் பிள்ளை பாடத்தைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று தவிக்கும். திரும்ப எடுத்து, பிறகு பாஸ் என்று கடிதம் வந்த பிள்ளைகளும் உண்டு. கட்டிய பணத்துக்காகத் தாய் தகப்பன் நடையாய் நடப்பார்கள். விரிவுரையாளர்கள் தாமதம் செய்கிறார்கள் என்பதுதான் அலுவலகத்தில் எல்லோரின் முடிவு.

ஒரு செமஸ்டரில் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினோம். யார் கைக்கு வந்தாலும் வந்த தேதி, போன தேதி, இரண்டையும் எழுதவேண்டும். கையெழுத்து வேண்டாம், விளக்கம் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் சீட்டுகளை வரிசையாக அடுக்கினோம். கவுண்டர், கணக்குப் பிரிவு, மறுபடி தேர்வுப் பிரிவு, துறை அலுவலகம், பாடத்தலைவர், விரிவுரையாளர், இரண்டாம் பரிசோதகர், துறைத்தலைவர், கடைசியில் தேர்வுக்குழு. விரிவுரையாளரிடம் படிவம் இருந்தது ஒன்றிரண்டு நாள்தான். கணக்குப் பிரிவில் ரசீது சரிபார்க்க ஒரு வாரம் தட்டில் கிடந்திருக்கிறது. அதைவிட அதிகமாக, தேர்வுக்குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்பதற்காகக் காத்திருந்திருக்கிறது. படிவத்தைக் கையில் வைத்து வேலை பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும்.

வழி சொன்னது துறை அலுவலகத்தில் இருந்த ஒரு மலாய்க்காரச் சகோதரி. “மதிப்பெண் மாறாத மனுக்கள்தான் பெரும்பாலும். மாறாததற்குக் குழு எதற்கு? மாறினால் மட்டும் குழுவுக்கு அனுப்பலாமே” என்றார். அத்தனை அதிகாரிகள் இருந்த அறையில் அதுவரை ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விதியில் ஒரு வரியைத் திருத்த, பல்கலைக்கழகத்தின் கல்வி விஷயங்களை முடிவு செய்யும் செனட் ஒப்புக்கொண்டது. மாறாதவற்றுக்குத் துறைத்தலைவரின் கையெழுத்தோடு உடனே பதில் போனது. மாறியவற்றுக்குக் குழு மின்னஞ்சலிலேயே ஒப்புதல் தந்தது. பணத்தைக் கவுண்டரிலேயே வாங்கி ரசீதைப் படிவத்தோடு பின் செய்தோம். பாடப்பதிவு மூடும் முன்பே பிள்ளைகள் கையில் கடிதம் இருந்தது. இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, மஞ்சள் சீட்டைத் தவிர.

நீங்கள் செய்யக்கூடியது: ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கவுண்டர் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் என்ன கேட்டு வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். ‘கடிதம் எங்கே வாங்குவது?’ என்று ஒரே நாளில் இருபது பேர் கேட்டால், அறிவிப்பு எழுதியதில்தான் கோளாறு, பிள்ளைகளிடம் இல்லை. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை அப்படியே மேலதிகாரியிடம் கொடுங்கள். “கூட்டம் அதிகம், ஆள் போதவில்லை” என்று வாயால் சொன்னால் புலம்பலாகப் போய்விடும். எண்ணோடு கொடுத்தால் அவரும் தன் மேலதிகாரியிடம் தைரியமாகக் கொண்டுபோக முடியும். ஒரு படிவத்தைப் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும் என்று தோன்றினால், யாரைக் குற்றம் சொல்லவும் இல்லை என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தேதியை மாற்றி எழுதுவார்கள், சீட்டு ஒட்டியதே வீணாகிவிடும்.

கேள்வி: தொடர் மேம்பாடு என்பதெல்லாம் ஜப்பான் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்கிறார்கள். மாணவன் என்ன சாமானா? போதாதற்கு உலகத் தரவரிசை வேறு. பட்டியலில் மேலே போனால் தரம் கூடிவிட்டது என்று நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜார்ஜ்டவுன்

பதில்: தொழிற்சாலையிலிருந்து வந்தது உண்மைதான், சார். அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமத்தின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட், ஒரு வேலை சீராகப் போகிறதா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் உருவாக்கினார். அவர் வழியில் வந்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் 1950-இல் ஜப்பானியப் பொறியியலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் வகுப்பு எடுத்தார். மறு ஆண்டே அவர் பெயரில் ஜப்பானியர் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுற்று அவர்கள் வழியாகப் பரவியது.

ஆனால் டெமிங் வலியுறுத்தியதில் பாதியைத்தான் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன என்பது என் வருத்தம். கோளாறுகளில் பெரும்பாலானவை வேலை முறையில் இருக்கின்றன, வேலை செய்கிறவரிடம் இல்லை என்றார் அவர். ஊழியருக்கு எண்ணிக்கை இலக்கு வைப்பதையும், சுவரில் முழக்கம் எழுதி ஒட்டுவதையும், ஆண்டுக்கொரு முறை மதிப்பெண் போட்டு ஆளைத் தரம் பிரிப்பதையும் எதிர்த்தார். நம் நிர்வாகங்கள் அவருடைய சுற்றை எடுத்துக்கொண்டு, அவர் எதிர்த்த மூன்றையும் விடாமல் வைத்திருக்கின்றன. மாணவன் சாமான் இல்லை என்று நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சேர்க்கை, தேர்வு, நூலகம், கட்டணம், நேரஅட்டவணை போன்றவற்றுக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். ஒரு பிள்ளை சிந்திக்கக் கற்றுக்கொண்டதா என்பதை ஒரு செமஸ்டருக்குள் அளந்துவிடலாம் என்று சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

தரவரிசைக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2004-இல் லண்டன் டைம்ஸ் இதழின் உயர்கல்விப் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 89-ஆவது இடத்தில் வந்தது. முதல் நூறுக்குள் வந்ததைக் கொண்டாடினார்கள். 2005-இல் 169-க்கு இறங்கியது. அந்த ஓராண்டில் வகுப்பறையில் ஒன்றும் இடிந்துவிடவில்லை. முதல் தடவை நம் நாட்டுச் சீனர்களையும் இந்தியர்களையும் வெளிநாட்டவர் என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டவர் எத்தனை பேர் என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பதால் இடம் உயர்ந்தது. கணக்கைத் திருத்தியதும் இறங்கியது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த நம் பிள்ளைகளை அந்நியர் என்று எண்ணி வந்த உயர்வு அது. அன்றும் எனக்கு அது வலித்தது.

இப்போது பலர் பார்க்கும் கியூ.எஸ். பட்டியலில், 2024 பதிப்பிலிருந்து, கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு 30 விழுக்காடும் முதலாளிமார் மதிப்புக்கு 15 விழுக்காடும் தருகிறார்கள். ஏறக்குறைய பாதி, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள், தவறில்லை.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு விருப்பப்பாடம். மாணவர் குறைவு என்று சொல்லி ‘மறு ஆய்வு’ வைத்திருக்கிறார்கள். மூடுவதற்கான ஏற்பாடு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
– பகுதிநேர விரிவுரையாளர், செந்தூல்

பதில்: உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது, டீச்சர். இந்த மண்ணில் பல்கலைக்கழகத் தமிழ் சும்மா வந்துவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. ‘தமிழ் முரசு’ நாளிதழின் கோ. சாரங்கபாணி அதற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளிகள் காசு கொடுத்தார்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் இதே கோலாலம்பூரில்தான் நடந்தது. இதெல்லாம் சரி, ஆனால் மறு ஆய்வுக் கூட்டத்தில் வரலாற்றை மட்டும் பேசினால் கைதட்டிவிட்டு மூடிவிடுவார்கள். அவர்கள் கேட்கும் மொழியிலேயே பதில் கொண்டுபோங்கள்.

கடந்த ஐந்து ஆண்டுகளின் சேர்க்கை எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே பாடம் எந்த நாள், எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தள்ளிய ஆண்டுகளிலும், கட்டாயப் பாடத்தோடு மோதிய ஆண்டுகளிலும் எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் குறை அட்டவணையில் இருக்கிறது, தமிழில் இல்லை. எடுக்க விரும்பியும் மோதலால் பதிய முடியாமல் போன மாணவர்களின் பட்டியலைச் சேருங்கள். வாய்மொழியாக வேண்டாம், மாணவர் எண்ணும் மோதிய பாடத்தின் குறியீடும் இருக்கட்டும். படித்து வெளியே போனவர்கள் தமிழை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வானொலி அறிவிப்பாளர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், மருத்துவமனையில் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியிடம் பேசுகிற தாதி என்று யாராவது கட்டாயம் இருப்பார்கள்.

பாடத்தையும் உண்மையாகப் பாருங்கள். பல ஆண்டாக ஒரே குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தால், என்ன மாற்றப் போகிறீர்கள் என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறு ஆய்வில் முன்னாள் மாணவர், வேலை கொடுப்பவர் போன்றோரின் கருத்தையும் கேட்கவேண்டும் என்பது எம்.கியூ.ஏ. நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆகவே அப்படி ஒருவரை அழைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்கி, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தன்று மேசையில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.